இளவேனில் வந்துவிட்டது என்பதை உங்கள் ஊரில் நடக்கும்போது எதைக் கொண்டு அறிகிறீர்கள்?

ஒரு குரல் நின்றுபோவதைக் கொண்டு. ஆறுமணிக்குருவியின் குரல்.

நான் இலங்கையின் வன்னிப் பகுதியில், கிளிநொச்சியில், இரணைமடுக் குளத்துக்கு அருகே இருக்கிறேன். வேலைக்குப் போகுமுன் குளக்கட்டில் முக்கால் மணி நேரம் நடப்பேன். சனி, ஞாயிறுகளில் என் ஒன்பது வயது மகளும் வருவாள். ஐப்பசி மழை தொடங்கும் காலத்தில் இந்தக் குருவி இங்கே வந்து சேரும். பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு, கட்டை வால். பற்றைக்குள் சருகைக் கிளறித் திரிவதால் கண்ணில் படுவது அரிது. ஆனால் விடியும்போதும் பொழுதுபடும்போதும் இரட்டைச் சீழ்க்கையாகக் கூப்பிடும். சித்திரை வாக்கில் கடலைத் தாண்டிப் போய்விடும். இந்தியாவின் நடுப்பகுதியிலும் இமயமலை அடிவாரத்திலும்தான் அது கூடு கட்டுகிறது. குளிர்நாடுகளில் பறவைகள் திரும்பி வருவதைப் பார்த்து வசந்தத்தை அறிகிறார்கள். எங்களுக்கோ அவை புறப்படுவதே அடையாளம். மார்கழியில் குளத்தில் கூட்டமாக மிதந்த தாராக்களும் பங்குனியில் குறைந்துவிடும். அவை விட்டுப்போன அமைதியில் குயில் கூவத் தொடங்கும்.

தமிழ்க் கணக்கில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். வன்னியின் மரங்கள் அவ்வளவு பொறுப்பதில்லை. தையிலேயே இலையுதிர்த்த முள்முருக்கு சிவப்பாய்ப் பூத்து நிற்கும். அதன் பிறகு இலுப்பை. செம்பு நிறத் தளிர் விடும். இரவில் பூ உதிர்க்கும். விடியற்காலையில் போனால் மரத்தடி முழுவதும் சதைப்பற்றான வெளிர்நிறப் பூக்கள்; ஒன்றை வாயில் போட்டால் இனிக்கும். இலுப்பைக்கடவை, புளியங்குளம் என்று ஊர்களுக்கே மரங்களின் பெயரை வைத்தவர்கள் நாங்கள். பெயரில் உள்ள மரத்தை ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டாமா?

வேம்பு பூப்பதை மூக்கு முதலில் அறியும். மாரியின் வாடைக்காற்று அடங்கிவிட்டது, வைகாசியின் சோளகம் இன்னும் எழவில்லை. இடையில் காற்று அசையாத சில வாரங்கள் வரும். அந்த நாட்களின் மாலையில் வேப்பம்பூ வாசம் ஒழுங்கை முழுவதும் அப்படியே நிற்கும். அம்மா முற்றத்தைக் கூட்டி, உதிர்ந்த பூவை வடகத்துக்குச் சேர்த்து வைப்பார்.

குளமும் சொல்லும். மழை நல்லாயிருந்த ஆண்டில் மார்கழியில் குளம் நிரம்பி வான் பாய்ந்த தண்ணீர் மாசிக்குப் பிறகு இறங்கி, அலைகரையில் புல் முளைக்கும். மாடுகள் அங்கே நகரும். மாரி நெல்லான காலபோகத்தின் அறுவடை முடிந்து வெறும் தாளாகக் கிடந்த வயல்களுக்கு, கோடை நெல்லான சிறுபோகத்துக்காகத் துருசு என்னும் மதகைத் திறப்பார்கள். வாய்க்காலில் முதல் தண்ணீர் சருகுகளைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்க்க மகள் அதன் கூடவே ஓடுவாள்.

அவளுக்குப் பிடித்த அடையாளம் இன்னொன்று. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நண்பகற்சூரியன் வன்னிக்கு நேர் மேலே வருகிறது. நிமிர்ந்து நின்றால் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். "அப்பா, என் நிழலைக் காணவில்லை" என்று கத்துவாள். அந்த வெயில் நிலத்தைச் சுடவைப்பதால்தான் பின்னேரங்களில் இடியோடு மழை வருகிறது.

போர் முடிந்து 2010இல் நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்தபோது பாதையின் இரு பக்கமும் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் நின்றன. மிதிவெடிக்குப் பயந்து, துப்புரவு செய்த வழியில் மட்டுமே நடந்தோம். ஒரே வழியில் திரும்பத் திரும்ப நடந்ததால் அந்த வழியின் மரங்கள் ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடமாயின. எது முதலில் தளிர்க்கும், எது பிந்தும் என்று இன்றும் சொல்வேன். புதிதாக நடக்கத் தொடங்குகிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன்: ஒரு வழியைப் பிடித்துக்கொள்ளுங்கள். தெரியாத பற்றைக்குள் இறங்காதீர்கள். யானை வரும் பக்கமென்றால் பொழுதுபடுமுன் வீடு திரும்புங்கள்.

பாலைப்பழம் வைகாசிக்குப் பிறகுதான். பால் உதட்டில் ஒட்டும் அந்தக் காலம் இளவேனிலைத் தாண்டிய கதை.

ஆறுமணிக்குருவியைக் கேட்ட நாளுக்கெல்லாம் மகள் நாட்காட்டியில் வட்டம் போடுகிறாள். முந்தாநாள் வரை வட்டம் இருக்கிறது. நேற்று இல்லை. இன்று மாலை மறுபடியும் கட்டுக்குப் போகிறோம்.