வேதியியலுக்குப் பின் தத்துவ முதுகலை: உங்கள் இரண்டு ஐயங்கள்

வணக்கம். வேதியியலில் இளங்கலை முடித்துவிட்டுத் தத்துவ முதுகலையில் சேர விரும்பும் நீங்கள், வடமொழி தெரியாததையும், சமயங்களை ஆராய்ந்தால் சிவபக்தி குலைந்துவிடுமோ என்ற அம்மாவின் அச்சத்தையும் தடைகளாகக் குறிப்பிட்டிருந்தீர்கள்.

வடமொழி தொடக்கத்திலேயே தேவைப்படாது. பின்னாளில் நியாயம், வேதாந்தம் போன்ற இந்தியத் தத்துவப் பிரிவுகளில் ஆய்வு செய்ய நேர்ந்தால் அப்போது கற்கலாம். அம்மாவின் அச்சமே கனமானது. தத்துவ வகுப்பில் எந்தச் சமயத்தையும் ஏற்கவோ கைவிடவோ சொல்வதில்லை. ஒரு கொள்கை எந்த அளவைகளின்மேல், அதாவது காட்சி, அனுமானம் போன்ற அறியும் வழிகளின்மேல் நிற்கிறது என்றே ஆராய்வார்கள். இது சைவத்துக்குப் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார், சிவஞான சித்தியார் என்னும் சைவ சித்தாந்த நூலின் பரபக்கப் பகுதியில், கடவுளை மறுக்கும் உலகாயதம் தொடங்கி 14 மதங்களின் கூற்றை முதலில் அவரவர் வாதமாகவே எடுத்துரைத்து, அதன் பின்னரே மறுக்கிறார். மாற்றார் வாதத்தை அவ்வளவு பொறுமையாகக் கேட்டவரைத்தான் சைவம் சந்தானாசாரியராக, அதாவது தன் குருமரபின் ஆசானாகப் போற்றுகிறது. அந்தப் பகுதியை அம்மாவுடன் அமர்ந்து உரையோடு வாசிக்குமாறு மனமார வேண்டுகிறேன்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவத்துக்கும் சைவ சித்தாந்தத்துக்கும் தனித்தனித் துறைகள் உள்ளன. மேலைத் தத்துவமும் கற்கும் ஆவல் உங்களுக்கு இருப்பதால் முதலாவதே பொருந்தும் என்பது என் கருத்து. அறிவியல் பட்டதாரிகளுக்கான சேர்க்கை விதியை, விண்ணப்பிக்கும் முன் துறை அலுவலகத்திலேயே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.