களாப்பழம் இருக்கட்டும், முழங்காலைக் காட்டுங்கள்

காட்டோரக் களாச்செடியில் 11 வயது மகன் கை நிறையப் பழம் பறித்துத் தின்றான் என்றும், களா அரளிக் குடும்பத்தைச் சேர்ந்தது என இணையத்தில் படித்ததிலிருந்து 3 வாரமாக அவன் நாடியைப் பிடித்துப் பார்த்தபடி இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். குடும்பம் ஒன்றுதான், ஊமத்தையும் கத்தரிக்காயும்கூட ஒரே குடும்பம்தான், அதற்காக யாரும் கத்தரிக்காயை ஒதுக்குவதில்லை. கறுத்துப் பழுத்த களா தாராளமாகத் தின்னக்கூடியது. காம்பில் வடியும் பால் உதட்டில் பிசுபிசுக்கும், காயாகத் தின்றால் பல் கூசும், அவ்வளவுதான். விழுங்கிய விதைகள் சில நாட்களிலேயே வெளியேறியிருக்கும்.

கடிதத்தின் கடைசி வரியை மட்டும் இரண்டு முறை படித்தேன். பறிக்கும்போது முழங்காலில் முள் ஏறியது, பிடுங்கிவிட்டோம், வீக்கம் மட்டும் விட்டு விட்டு வருகிறது என்கிறீர்கள். களா முள் கெட்டியானது. பிடுங்கும்போது அதன் நுனி ஒடிந்து மூட்டுக்குள் தங்கிவிட்டால், மேலே தோல் ஆறிய பிறகும் உள்ளே மூட்டின் சவ்வு அழன்று நீர் கோத்துக்கொண்டே இருக்கும். மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கும் வரை வீக்கம் அடங்கும், நிறுத்தினால் திரும்பும். முள் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. ஆகவே எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்ற சொல்லோடு திரும்பிவிடாமல், முள் குத்திய செய்தியை முதலில் சொல்லி, எலும்பு மூட்டு மருத்துவரிடம் அல்ட்ராசவுண்ட் தேவையா எனக் கேளுங்கள். முள் உள்ளே இருந்தால் அதை எடுத்தாக வேண்டும். காய்ச்சல் வந்தாலோ, மூட்டு சூடாகிச் சிவந்தாலோ, பையன் காலை ஊன்ற மறுத்தாலோ மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 10 வயதில் போட வேண்டிய டிடி (டெட்டனஸ், டிப்தீரியா) தடுப்பூசி போட்டாயிற்றா என்பதையும் பாருங்கள்.

முள்ளை இழுக்க எருக்கம்பால் வைத்தீர்களாம். எருக்கும் அதே அரளிக் குடும்பம்தான், அதன் பால் உண்மையிலேயே நஞ்சு. பட்ட கையால் கண்ணைக் கசக்கினால் கருவிழி புண்ணாகும். பழத்துக்கு அஞ்சியவர் இதற்கு அஞ்சவில்லை என்பதை எண்ணிச் சிரிப்பதா, கோபிப்பதா என்று தெரியவில்லை. வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக்கை இனிக் கொடுக்காதீர்கள். இதுவரை கொடுத்த மாத்திரையின் அட்டையை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.