வேலையை எப்போது விடுவது?

வணக்கம் சார்,

வயது 29. பி.காம். முடித்து, சிறுசேரியில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். வீடு பெரம்பூர். மதியம் ஒரு மணி ஷிப்ட், இரவு கேப் வீட்டில் இறக்கிவிடும்போது பன்னிரண்டு ஆகிவிடும். வக்கீலாக வேண்டும் என்பது காலேஜ் நாளிலிருந்தே ஆசை. கிளாட் எழுதலாம் என்று ஒரு கோச்சிங் சென்டரில் விசாரித்தேன். வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் முழுநேரமாக உட்கார்ந்தால்தான் நடக்கும் என்கிறார்கள். அம்மா பயப்படுகிறார். வேலையோடு படித்து எழுத முடியுமா? நேரத்தை எப்படிப் பிரிப்பது?

ம., சென்னை

அன்புள்ள ம.,

கோச்சிங்குக்குப் பணம் கட்டிவிடவில்லையே? கட்டாதீர்கள். இளநிலை கிளாட் என்பது பிளஸ் டூவுக்குப் பிறகு ஐந்து வருடச் சட்டப் படிப்பில் சேர எழுதும் நுழைவுத் தேர்வு. வயது வரம்பு இல்லை, நீங்களும் எழுதலாம், ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு ஐந்து வருடம் உட்கார வேண்டும். கையில் டிகிரி இருக்கிற உங்களுக்கு மூன்று வருட எல்எல்பி இருக்கிறது. விசாரிக்க வந்த பட்டதாரியிடம் அதைச் சொல்லாத இடம் வேலையை விடச் சொன்னதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

தமிழ்நாட்டில் இந்த மூன்று வருடப் படிப்புக்கு நுழைவுத் தேர்வே கிடையாது. அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கும் அரசு சட்டக் கல்லூரிகளிலும், பெருங்குடியில் இருக்கும் சீர்மிகு சட்டப்பள்ளியிலும் டிகிரி மார்க்கை வைத்துத்தான் ரேங்க் லிஸ்ட் போடுகிறார்கள். உங்கள் பி.காம். மார்க்கை எழுதவில்லை. அது நன்றாக இருந்தால் பரீட்சை என்ற பேச்சே இல்லாமல் போகலாம், முதலில் அதைப் பாருங்கள். பாரிமுனையில் இருந்த பழைய சட்டக் கல்லூரி இப்போது புதுப்பாக்கம், பட்டரைபெரும்புதூர் என்று இரண்டாகிவிட்டது, தெரிந்திருக்கும். புதுப்பாக்கம் உங்கள் ஆபீஸ் பக்கம்தான்.

வெளியூர் போகத் தயார் என்றால் பரீட்சை வரும். பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி 2022 முதல் மூன்று வருட எல்எல்பி நடத்துகிறது, அதற்கு என்எல்சாட். டெல்லி பல்கலைக்கழகத்துக்கு க்யூட் பிஜி, மும்பை புனே பக்கம் என்றால் மகாராஷ்டிராவின் சிஇடி. மூன்றையும் ஒரே நேரத்தில் குறிவைக்க வேண்டாம். வக்கீலாக வேண்டும் என்ற ஆசையோடு வருகிறவருக்கு நான் என்எல்சாட்டைத்தான் சொல்வேன், ஏனென்றால் அதில் பாதி மார்க் எழுதும் பகுதிக்கு. கொள்குறி வினாவில் காலேஜை நேற்று முடித்த பையன் உங்களை முந்தலாம். ஒரு பிரச்சினையை எடுத்து இரண்டு பக்க நியாயத்தையும் வைத்து ஒரு முடிவுக்கு வரும் கட்டுரையில், இத்தனை வருடம் வெண்டாருக்கும் மேனேஜருக்கும் நடுவில் நின்று மெயில் எழுதியவருக்குக் கொஞ்சம் கூடுதல் பலம் உண்டு. ஆனால் கையால் எழுத வேண்டும். கீபோர்டுக்குப் பழகிய கை ஒரு பக்கத்திலேயே வலிக்க ஆரம்பிக்கும். இன்றைக்கே ஒரு நோட்டு வாங்குங்கள்.

நேரத்துக்கு வருகிறேன். உங்களுக்குக் காலை இருக்கிறது, மதிய ஷிப்ட்காரர்களுக்கு மட்டும் கிடைக்கிற வசதி. பன்னிரண்டுக்கு வந்து ஒரு மணிக்குத் தூங்கினால் எட்டு மணிக்கு எழுந்து இரண்டு மணி நேரம் படித்துவிட்டுக் கிளம்பலாம். போதுமா என்றால், போதும். இந்தப் பரீட்சையில் மனப்பாடம் செய்யப் பெரிதாக ஒன்றும் இல்லை. நாட்டு நடப்பைத் தவிர மிச்சமெல்லாம் வாசிப்பு, தர்க்கம். அது ஆறு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் வருவதைவிட தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தால்தான் வரும். இரவு கேபில் படிக்க முயற்சி செய்யாதீர்கள். பழைய மகாபலிபுரம் சாலையான ஓஎம்ஆரில் மெட்ரோ வேலைக்குத் தோண்டிப் போட்டிருக்கும் ரோட்டில் தலைவலிதான் மிஞ்சும், தூங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கிற பகுதியில் ஒரு மாதிரித் தேர்வு. கொஞ்சம் சீக்கிரம் போனால்தான் இடம் கிடைக்கும்.

என்ன படிப்பது? கைடு புத்தகத்துக்கு முன்னால் மூன்று தீர்ப்புகள். மூன்றிலும் எதிர்த்தரப்பு நம்ம மெட்ராஸ் மாநிலம்! 1950-இல் ரொமேஷ் தாப்பர் வழக்கு, அவர் நடத்திய கிராஸ் ரோட்ஸ் பத்திரிகை மெட்ராஸுக்குள் வரக்கூடாது என்ற தடையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கு, கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்த கம்யூனல் ஜி.ஓ. என்ற அரசாணை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. இங்கே எழுந்த எதிர்ப்பும் சேர்ந்து, அதே வருடம் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தமே வந்தது. இன்று இட ஒதுக்கீடு என்றதும் எல்லோரும் சொல்கிற பிரிவு 15(4) பிறந்தது அதில்தான், பேச்சுரிமையின் கட்டுப்பாடுகள் விரிந்ததும் அதே திருத்தத்தில்தான். இன்னொன்று ஏ.கே. கோபாலன், 1950, தடுப்புக் காவல். அதை 1978-இன் மேனகா காந்தி தீர்ப்போடு சேர்த்துப் படித்தால் ஒரே நீதிமன்றம் ஒரே பிரிவை, தனிமனித சுதந்திரம் பற்றிய 21-ஐ, எப்படி வேறு விதமாகப் பார்த்தது என்று புரியும். உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்சிஆர் தளத்தில் தீர்ப்புகள் இலவசம். ஒவ்வொன்றையும் படித்துவிட்டு, தோற்ற தரப்புக்காக நோட்டில் ஒரு பக்கம் வாதம் எழுதிப் பாருங்கள். கட்டுரைப் பயிற்சிக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

அதனால் பரீட்சைக்காக வேலையை விட வேண்டாம். அம்மாவிடம் அதைச் சொல்லிவிடுங்கள். ஆனால் அதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான். படிப்பில் சேரும்போது விட்டுத்தான் ஆக வேண்டும்.

பகலில் கல்லூரி, மதியத்துக்கு மேல் ஆபீஸ் என்று ஒரு கணக்கு உங்கள் மனதில் ஓடியிருக்கும். வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதிப்படி வாரம் முப்பது மணி நேர வகுப்பு, 70 சதவீத வருகை, மூன்று வருடத்தில் குறைந்தது 12 வாரம் இன்டர்ன்ஷிப். மாலைக் கல்லூரி, தபால் வழி எல்லாம் வக்கீலாகப் பதிவு செய்ய உதவாது. வருகையே பார்க்காத லெட்டர் பேட் காலேஜ் ஒன்றை யாராவது வெளி மாநிலத்தில் காட்டுவார்கள், அந்தப் பக்கம் போகாதீர்கள். நாளைக்கு கோர்ட்டில் நிற்கப் போகிறவர் வராத வகுப்புக்கு வந்ததாகக் கையெழுத்து வாங்கி ஆரம்பிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆக, இப்போது வேலையில் இருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்த மூன்று வருடத்துக்கான சேமிப்பு. அப்புறம் ஒரு சீனியர் வக்கீலிடம் தொழில் கற்கும் ஜூனியர் காலம் வேறு இருக்கிறது. சென்னையில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயாவது தர வேண்டும் என்று 2024-இல் தமிழ்நாடு பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது, நல்ல விஷயம். ஆனால் எல்லா சீனியரும் கொடுப்பார்கள் என்று நம்பி பட்ஜெட் போட வேண்டாம். வக்கீலாகத் தொழில் செய்துகொண்டே முழுநேரச் சம்பள வேலையிலும் இருக்க முடியாது, அதுவும் விதிதான். படிப்புக்கு மூன்று, ஜூனியர் காலத்துக்கு ஒன்று என்று நான்கு வருட வீட்டுச் செலவை அம்மாவோடு உட்கார்ந்து எழுதுங்கள். அது இடிக்கிறது என்றால் ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள், பரீட்சை அடுத்த வருடமும் வரும்.

இன்னொன்று, ஆஃபர் லெட்டரை எடுத்து நோட்டீஸ் பீரியட் எவ்வளவு என்று பாருங்கள். ஓஎம்ஆரில் பல கம்பெனிகளில் 90 நாள். அட்மிஷன் முடிவு வந்து வகுப்பு தொடங்க அவ்வளவு இடைவெளி பெரும்பாலும் இருக்காது. பணம் கட்டி முன்னாலேயே கிளம்ப முடியுமா, எவ்வளவு கேட்பார்கள் என்று இப்போதே எச்ஆரிடம் பேச்சுவாக்கில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். எதற்கு என்று கேட்டால் கல்யாணம் என்று சொல்லிவிடாதீர்கள், ஆபீஸ் முழுக்கப் பத்திரிகை கேட்பார்கள்.