எழுத்து சோறு போடுமா?

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கிறேன். வயது 41. வங்கியொன்றில் கவுண்டரில் வேலை. மூன்று வருடமாக ஒரு ஞாயிறு வாரப்பதிப்பில் பத்தி எழுதுகிறேன். போன மாதம் ஆசிரியர், "இதையெல்லாம் புத்தகமாகப் போடலாமே" என்றார். அன்றிலிருந்து வங்கிக்குப் போகவே மனமில்லை. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எழுதலாமா? "எழுத்து சோறு போடுமா?" என்று கேட்கிறார் கணவர். சில நறுக்குகளை இணைத்திருக்கிறேன். – வாசகி, கொழும்பு 6

அன்பின் தங்கைக்கு,

கோபிக்காதீர்கள், இந்த விஷயத்தில் நான் உங்கள் கணவர் பக்கம். ஒரு பத்திக்கு என்ன தருகிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாமல் விட்டதிலேயே விளங்குகிறது. எனக்கு முதல் இரண்டு வருடமும் கிடைத்தது ஒரு இலவசப் பேப்பர். அதையும் நானே போய் எடுக்கவேண்டும். அப்புறம் 2022இல் கடதாசித் தட்டுப்பாடு வந்து பக்கங்கள் குறைந்தபோது, என் பத்தி ஒரு தொலைபேசி அழைப்போடு முடிந்தது. "அடுத்த கிழமை வேண்டாம் அக்கா" என்றார்கள். எந்தக் கிழமை வேண்டும் என்று இன்றுவரை சொல்லவில்லை.

விமர்சகர் கைலாசபதி தினகரன் பத்திரிகையின் ஆசிரியராக இருந்தது 1959 முதல் 1961 வரைதான். அதற்குப் பிறகு அவர் எழுதியதெல்லாம் பல்கலைக்கழகச் சம்பளத்தில் இருந்துகொண்டு. பத்தியையே வாழ்க்கையாக எடுத்தவர்களும் நம்மிடையே இருந்தார்கள். 'தராக்கி' என்ற பெயரில் 1989இல் ஐலண்ட் ஆங்கிலப் பத்திரிகையில் அரசியல் பத்தி எழுதத் தொடங்கிய சிவராம், 2005 ஏப்ரல் 28 இரவு பம்பலப்பிட்டியில் கடத்தப்பட்டார். மறுநாள் சடலமாகத்தான் கிடைத்தார். நீங்கள் அரசியல் எழுதுவதில்லை, தெரியும். ஆனாலும் நம் வயதுக்காரர் வீட்டில் "எழுத்து" என்றதும் அந்த நினைப்பு எங்கோ ஒரு மூலையில் வந்துபோகும். உங்கள் கணவர் சோறு என்று கேட்பதில் அதுவும் கலந்திருக்குமோ என்று ஒருநாள் ஆறுதலாகக் கேட்டுப்பாருங்கள்.

சரி, புத்தகத்துக்கு வருவோம். அதைக் கட்டாயம் போடுங்கள். ஆனால் கணக்குத் தெரிந்துகொண்டு போடுங்கள். 300 பிரதிக்கு அச்சகம் முற்பணம் கேட்கும். அது உங்கள் கைக்காசு. பிறகு தமிழ்ச் சங்கத்தில் ஒரு சனிக்கிழமை மாலை வெளியீட்டு விழா. மங்கள விளக்கு, வரவேற்புரை, ஆய்வுரை, இன்னொரு ஆய்வுரை. முதற்பிரதி வாங்க ஒரு வர்த்தகப் பிரமுகர் வருவார். அவர் தரும் கடித உறைதான் அச்சுக்கூலியில் பெரிய பங்கு. என் இரண்டாவது புத்தகத்துக்கு வாசல் மேசையில் அக்காவின் மகன் கொப்பியும் பேனையுமாக இருந்து யார் எவ்வளவு என்று எழுதினான், கலியாண வீடு மாதிரி. மேடையில் என் எழுத்தை ஒருவர் புகழ்ந்துகொண்டிருக்க, நான் அந்த மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் புத்தகத்தில் மிஞ்சிய 140 பிரதி இன்னும் கட்டிலுக்குக் கீழே. உங்கள் பக்கத்துக் கடற்காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஸ்டேப்பிள் கம்பி துருப்பிடித்து நடுப்பக்கமெல்லாம் செம்மஞ்சள் கறை.

மூன்று வருடம் என்றால் அண்ணளவாக 150 பத்தி சேர்ந்திருக்கும். அப்படியே அடுக்கி அச்சடிக்காதீர்கள். திகதியை மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படியுங்கள். அந்தக் கிழமை காஸ் வரிசையையும் பருப்பு விலையையும் தெரியாதவருக்கு விளங்காத பத்தியென்றால் விலக்கிவிடுங்கள். 40 தேறினால் நல்ல புத்தகம். உரிமையையும் பாருங்கள்: 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை எழுதியவரின் ஆயுளுக்கும் அதற்குப் பின் 70 வருடத்துக்கும் இருக்கிறது. ஆனால் பத்திரிகையோடு ஏதாவது கையெழுத்து வைத்தீர்களா என்று தேடிப் பாருங்கள். வைக்காவிட்டாலும் ஆசிரியரிடம் மறுபிரசுரத்துக்கு ஆட்சேபனை இல்லை என்று இரண்டு வரி வாங்கிவையுங்கள். ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள இலக்கத்துக்குக் கொழும்பு 7இல் உள்ள தேசிய நூலகத்தில் விண்ணப்பிக்கவேண்டும்.

வேலையை விடவேண்டாம் என்பதற்கு உண்மையான காரணம் நீங்கள் அனுப்பிய நறுக்குகளிலேயே இருக்கிறது. பென்ஷன் எடுக்க வந்த ஐயாவின் கையெழுத்து, 20 வருடத்துக்கு முன் போட்ட மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகாமல், கை நடுங்க நடுங்க நாலு தரம் போட்டுப் பார்க்கிறாரே, அதை வாசித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். வீட்டில் மேசைக்கு முன் இருந்தால் அந்த ஐயாவை எங்கே காண்பீர்கள்? ஒப்பிட்டுப் பார்த்தேன்: எனக்குப் பிடித்த ஆறு நறுக்கில் ஐந்து கவுண்டரில் பிறந்தவை. மற்றது மழையைப் பற்றியது. மழையைப் பற்றி எல்லோரும் எழுதுகிறோம்.

புத்தகத்தில் அந்த ஐயாவை முதலாவதாக வையுங்கள். அவருடைய ஊர், வயது, கணக்கு விபரம் எல்லாவற்றையும் மட்டும் மாற்றிவிடுங்கள். வெளியீட்டுக்கு உங்கள் மனேஜரும் வருவார்.