நூலகம் செலுத்தும் கட்டுரைக் கட்டணம்: கேள்வி பதில்

கேள்வி: ஆய்வுக் கட்டுரையை எல்லோரும் இலவசமாகப் படிக்க எழுதியவர் பதிப்பகத்துக்குத் தரும் திறந்த அணுகல் கட்டணத்தை நூலகமே கட்டிவிடும் என்கிறார்களே, அந்தப் பணம் ஏது?

பதில்: பெரும்பாலும் நூலகம் இதழ்களுக்குக் கட்டிவந்த பழைய சந்தாப் பணம்தான், கணக்குத் தலைப்பு மட்டும் மாறியிருக்கிறது. ஜெர்மனியின் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்த டீல் கூட்டமைப்பு 2019இல் வைலி பதிப்பகத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் கட்டுரை ஒன்றுக்கு 2,750 யூரோ. படிக்கும் உரிமையும் அதற்குள் அடக்கம். கட்டுரை கூடினால் பில்லும் கூடும். நிறைய எழுதும் ஆய்வு நிறுவனத்துக்குச் சுமை, படிக்க மட்டும் செய்யும் கல்லூரிக்கு லாபம். யார் எவ்வளவு போடுவது என்ற இழுபறி இதில்தான்.

கேள்வி: ஆய்வு மானியம் வைத்திருப்பவருக்கும் நூலகமே முழுதாகக் கட்டுமா?

பதில்: இடத்துக்கு இடம் மாறும். கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2019இல் எல்சேவியர் பதிப்பகத்தின் சந்தாவை விட்டு, 2021இல் புதிய ஒப்பந்தத்துக்கு வந்தது. அந்த ஒப்பந்தப்படி பெரும்பாலான இதழ்களில் கட்டணத்தில் 15% தள்ளுபடி. மீதியில் முதல் 1,000 டாலரை நூலகம் கட்டும், எஞ்சியதை ஆசிரியர் தன் மானியத்திலிருந்து தர வேண்டும். 4,000 டாலர் கட்டணம் என்றால் 3,400 ஆகும். நூலகம் 1,000, மானியம் 2,400. மானியம் இல்லாதவர் கேட்டால் நூலகமே முழுதும் ஏற்கும். என் பார்வையில் இதுவே நியாயமான ஏற்பாடு. கட்டணம் எவ்வளவு என்பது எழுதுகிறவர் கண்ணிலும் படுகிறது.

கேள்வி: எங்கள் பல்கலையில் ஒப்பந்தம் இருக்கிறது. ஆனாலும் எனக்கு முழு பில் வந்துவிட்டது. ஏன் சார்?

பதில்: முதலில் பணம் கட்டாதீர்கள். கட்டியதைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. பிறகு யார் தொடர்பாசிரியர் (கரெஸ்பாண்டிங் ஆத்தர்), அதாவது எழுதியவர்கள் சார்பில் இதழோடு தொடர்புகொள்பவர், என்று பாருங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் அவருடைய நிறுவனம்தான் கணக்கு. முதல் ஆசிரியர் நீங்களாக இருந்தும் பயனில்லை. அவர் ஜிமெயிலில் சமர்ப்பித்திருந்தாலோ, நிறுவனப் பெயரைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்காமல் கையால் தட்டியிருந்தாலோ பதிப்பகத்தின் மென்பொருள் உங்களை அடையாளம் காணாமல் போகலாம். ஒப்பந்தத்துக்கு முன்பே கட்டுரை ஏற்கப்பட்டிருக்கலாம், இதழ் விலக்குப் பட்டியலில் இருக்கலாம், ஆண்டு ஒதுக்கீடு தீர்ந்திருக்கலாம். இதழாசிரியருக்குக் கடிதம், தலையங்கம் போன்றவை பல ஒப்பந்தங்களில் சேராது. வண்ணப் படக் கட்டணமும் தனி. கட்டுரை எண், ஏற்புத் தேதி இரண்டையும் நூலகத்துக்கு அனுப்புங்கள், அவர்கள் பதிப்பகத்தோடு பேசுவார்கள்.

கேள்வி: மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் வந்துவிட்டதே, இந்தியாவில் இனி கட்டணம் கிடையாதா?

பதில்: அப்படி நம்பி இதழைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 2025 முதல் 3 ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள். அடிப்படையில் அது படிப்பதற்கான உரிமை. வெளியிடும் கட்டணம் வேறு விஷயம், நூலகரிடம் இதழின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

கேள்வி: ஆசிரியரிடம் காசே வாங்காத வழி இல்லையா?

பதில்: உண்டு. ஆனுவல் ரிவ்யூஸ் பதிப்பகம் பின்பற்றும் முறையில் நூலகங்கள் வழக்கம்போலச் சந்தா கட்டும். போதிய அளவு சேர்ந்தால் அந்த ஆண்டு இதழ் எல்லோருக்கும் திறக்கும், சேராவிட்டால் சந்தாதாரருக்கு மட்டும். எழுதுபவருக்கு பில்லே கிடையாது. எல்லோரும் 'அடுத்தவர் கட்டட்டும்' என்று கையைக் கட்டிக்கொண்டால் பூட்டு திரும்ப விழும்.