அண்ணனின் கடனுக்கு இன்னொரு கையெழுத்தா?

கேள்வி: எனக்கு 25 வயது. அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்லில், ஓர் அணிக்காக ஆடுகிறேன். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை எதிரணி நெருங்கவிடாமல் காக்கும் முன்வரிசையில் (ஆஃபென்சிவ் லைன்) 'கார்டு' என்பது என் இடம். 2025 எனக்கு மூன்றாவது பருவம். குறைந்தபட்சச் சம்பளம்தான், 10.3 லட்சம் டாலர். அண்ணனின் உடற்பயிற்சிக் கூடத்துக்காக 4 லட்சம் டாலர் கடனுக்கு ஜாமீன் போட்டேன். இப்போது தவணையையும் நானே கட்டுகிறேன். அதற்காக ஓய்வூதியச் சேமிப்பை நிறுத்திவிட்டேன். இரண்டாவது கிளைக்கு 6 லட்சம் டாலர் வாங்க மறுபடியும் கையெழுத்துக் கேட்கிறார். சக வீரர்கள் சேரும் கிரிப்டோ நிதியில் பணம் போட்டு இதைச் சமாளிக்கலாமா?

பதில்: கிரிப்டோவை ஓரமாக வையுங்கள். அதை விற்க வருபவருக்கு உங்கள் சம்பளம் தெரியும். உங்கள் முழங்காலைப் பற்றி அவருக்கு என்ன கவலை?

ஏஜென்டுக்கு 3 சதவீதம், மத்திய வரி, வெளியூர் ஆட்டத்துக்கு அந்தந்த மாநிலம் பிடிக்கும் வரி எல்லாம் போக, உத்தேசமாக 6 லட்சம் மிஞ்சும். அது அடுத்த ஆண்டும் வரும் என்று நம்பித்தான் ஐந்தாண்டுக் கடனில் கையெழுத்துப் போடுகிறீர்கள். ஆகஸ்ட் கடைசியில் அணி இறுதி செய்யும் 53 பேர் பட்டியலில் உங்கள் பெயர் இல்லையென்றால் அந்தச் சம்பளம் இல்லை. சராசரி ஆட்டக்காலம் சுமார் 3.3 ஆண்டு என்று வீரர் சங்கமே சொல்லிவந்திருக்கிறது.

வட்டியைப் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 4 லட்சத்துக்கு மாதத் தவணை ஏறத்தாழ 8,500. 6 லட்சத்துக்கு 12,750. இரண்டும் சேர்ந்தால் ஆண்டுக்கு 2.55 லட்சம். பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுப் பயிற்சி அணியில் இடம் கிடைத்தால், 2025 கணக்குப்படி வாரம் 13,000. பருவத்தின் பதினெட்டு வாரமும் உங்களை வைத்துக்கொண்டாலும் 2.34 லட்சம், அதுவும் வரிக்கு முன். தவணைக்கே போதவில்லை, 140 கிலோ உடம்புக்குச் சாப்பாடு எங்கிருந்து வரும்? விளம்பர வருமானமும் உங்கள் இடத்தில் ஆடுபவரைத் தேடி வராது. நடுவர் ஒலிபெருக்கியில் உங்கள் எண்ணைச் சொல்வதே, 'ஹோல்டிங்', அதாவது எதிராளியைப் பிடித்து நிறுத்திய தவறு, என்று உங்கள் அணியைப் பத்து கெஜம் பின்னால் தள்ளும்போதுதான்.

எனக்கு உண்மையில் எரிச்சல் வந்தது சேமிப்பை நிறுத்தியதில். நீங்கள் 1 டாலர் போட்டால், உச்சவரம்பு வரை, அணி 2 டாலர் போடுகிறது. அதை விட்டுவிட்டு அண்ணனின் டிரெட்மில்லுக்குத் தவணை கட்டுகிறீர்கள்! இந்த வாரமே மறுபடி தொடங்குங்கள். இந்தப் பருவத்தில் மூன்று ஆட்டங்களுக்குச் சம்பளப் பட்டியலில் இருந்துவிட்டால் மூன்றாவது ஆண்டும் கணக்கில் ஏறும், ஓய்வூதிய உரிமை உறுதியாகும்.

பால்டிமோர் ரேவன்ஸ் அணியில் உங்களைப் போலவே கார்டாக ஆடிய ஜான் அர்ஷல், ஆண்டுக்கு 25,000 டாலருக்குள் செலவை அடக்கிக்கொண்டு, பழைய நிசான் வெர்சா காரில் பயிற்சிக்குப் போனார். 2017இல் 26 வயதில் விலகிக் கணித ஆராய்ச்சிக்குப் போனபோது அவரைப் பிடித்து இழுக்க எந்தத் தவணையும் இல்லை. அந்த அளவுச் சிக்கனம் உங்களால் முடியாது, பரவாயில்லை.

இரண்டாவது கடனுக்குக் கையெழுத்து வேண்டாம். முதல் கடனில், கூடத்தின் கருவிகளை ஈடாக எடுத்துக்கொண்டு உங்களை விடுவிக்க முடியுமா என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், இந்தப் பருவச் சம்பளத்திலேயே அசலில் பெரும்பகுதியை அடைத்துவிடுங்கள். அண்ணனுக்கு உதவ ஆசையிருந்தால் 20,000 டாலரை, திரும்பி வராது என்று நினைத்து, ரொக்கமாகக் கொடுங்கள். கோபித்துக்கொள்வார். கோபிக்கட்டும்.