இடைவேளையில் பேசிய பேராசிரியர்

கேள்வி: மேலை நாட்டு இசை நாடகமான ஆபராவுக்கு வானொலியில் விளக்கம் சொல்லி வந்த ஓவன் லீ ஒரு பாதிரியார் என்று படித்தேன். பாதிரியாருக்கும் ஆபராவுக்கும் என்ன தொடர்பு? மொழியும் தெரியாமல், மேடையையும் பார்க்காமல் வானொலியில் அதைக் கேட்டு ரசிக்க முடியுமா?
– வாசகர் ஒருவர், கோபிசெட்டிபாளையம்

பதில்: ஓவன் லீ 1930-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்தார், பசிலியன் என்ற கத்தோலிக்கத் துறவற சபையில் குருப்பட்டம் பெற்று, கனடாவின் டொரன்டோவில் உள்ள புனித மைக்கேல் கல்லூரியில் நெடுங்காலம் லத்தீன், கிரேக்க இலக்கியங்களைக் கற்பித்தார், 2019-இல் மறைந்தார். அவருடைய முனைவர் பட்ட ஆய்வு கிரேக்கப் புராணத்தின் ஆர்ஃபியஸ் கதையைப் பற்றியது. இறந்துபோன மனைவியை மீட்கப் பாட்டையே துணையாகக் கொண்டு பாதாள உலகம் இறங்கி, திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையை மீறி அவளை மறுபடியும் இழந்தவன் ஆர்ஃபியஸ். முழுமையாக நமக்குக் கிடைத்திருக்கும் ஆபராக்களில் மிகப் பழையது, 1600-இல் இத்தாலியின் ஃப்ளாரன்ஸில் இசையமைப்பாளர் பெரி அரங்கேற்றியது, இந்தக் கதைதான். 1607-இல் மாந்துவாவில் மான்டெவெர்டியும், 1762-இல் வியன்னாவில் குளுக்கும் இதையே எடுத்துக்கொண்டார்கள். பண்டைய ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் கவிதையில் இக்கதையைப் பயின்ற ஒருவர் ஆபராவுக்கு வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. அவருக்கு இரண்டும் ஒரே படிப்பு என்றே நான் கருதுகிறேன்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபரா அரங்கின் நிகழ்ச்சிகள் 1931 கிறிஸ்துமஸ் நாளிலிருந்து வானொலியில் நேரடியாக ஒலிபரப்பாகி வருகின்றன. தொடக்கம் முதல் 1975-இல் இறக்கும் வரை அறிவிப்பாளராக இருந்தவர் மில்டன் கிராஸ். ஓர் அங்கம் முடிந்து காட்சி மாற்றும் நேரத்தில் வானொலி மௌனமாக இருக்க முடியாது. அந்த இடைவேளைதான் அறிஞர்களுக்கு வாய்த்த மேடை. மாஸ்கோவில் பிறந்த போரிஸ் கோல்டோவ்ஸ்கி அங்கே பியானோவில் வாசித்துக் காட்டியே விளக்கினார். ஓவன் லீ 1983-இல் வந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் பேசினார்.

அவர் மிகவும் நேசித்தவர்களுள் ஒருவர் ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னர். நான்கு இரவுகளில், ஏறத்தாழ 15 மணி நேரம் நடக்கும் வாக்னரின் 'மோதிரம்' ஆபரா வரிசை, ரைன் நதியின் அடியில் தொடங்குகிறது. முதலில் வயலின் போன்ற, ஆனால் மிகப் பெரிய, 'டபுள் பாஸ்' கருவிகள் தாழ்ந்த ஒற்றைச் சுரத்தைப் பிடிக்கின்றன. அதன்மேல் எட்டுக் கொம்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைகின்றன. 136 தாளப் பகுதிகள் வரை அடிப்படை இசைவு மாறுவதே இல்லை. கச்சேரிக்கு முன் தம்புரா சுருதியில் செவி தோய்வதுபோல, அந்த நீரோட்டத்தில் நாமும் தோய்ந்த பிறகே முதல் குரல் எழுகிறது. இதை முன்கூட்டியே அறிந்து கேட்பவருக்கு மேடை தெரியவில்லை என்ற குறை பெரிதாகத் தோன்றாது.

மொழி பற்றிய தங்கள் தயக்கத்துக்கு விடை கொங்கு நாட்டிலேயே இருக்கிறது. உடுக்கையடித்து அண்ணன்மார் கதை பாடுகிறவரின் முன்னால் இரவு முழுக்க அமர்ந்திருப்பவர்களுக்குப் பொன்னரும் சங்கரும் மடியப்போவது முன்பே தெரியும். என்ன நடக்கும் என்று அறிய அவர்கள் வருவதில்லை, அதைப் பாட்டிலும் வசனத்திலும் எப்படி எடுத்துச் சொல்கிறார் என்று கேட்கவே வருகிறார்கள். ஆபராவையும் அப்படித்தான் அணுக வேண்டும்: முதலில் கதையைத் தமிழில் யாரிடமாவது கேட்டோ, படித்தோ மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அண்ணன்மார் கதைக்கும் இப்படி ஒரு வானொலி அறிஞர், இடைவேளைதோறும் கதையின் உள்ளோட்டத்தைச் சொல்ல, நமக்குக் கிடைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

தொடக்கத்துக்கு மான்டெவெர்டியின் ஆர்ஃபியஸ் ஆபரா போதும். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வாக்னர் பிறகு வரட்டும். நியூயார்க்கின் சனிக்கிழமை பகல் காட்சி பெரும்பாலும் அங்கு பிற்பகல் 1 மணிக்குத் தொடங்குவதால், குளிர்காலத்தில் நமக்கு அது இரவு 11.30, இணையத்தில் நேரடியாகக் கேட்கலாம். இடைவேளை வந்ததும் அணைத்துவிடாதீர்கள்.